லீதியாள் காத்திருந்த கேள்வி

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நாங்கள் கணக்கு வகுப்பில் இருந்தோம். மேட்ரன் அம்மா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "லீதியாள் போயிட்டா" என்றார். யாராவது இறந்தால் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றுதான் அவர் சொல்லுவார். போன வருஷம் தோட்டக்காரர் இறந்தபோதும் அப்படித்தான் சொன்னார். இந்த முறை அந்த வார்த்தை வரவில்லை. டீச்சர் கரும்பலகையில் எழுதியிருந்த கணக்கை அழித்தார். பிறகு அதே கணக்கை மறுபடியும் எழுதினார். யாரும் அழவில்லை.

அன்று ஆலய மணி அடிக்கப்படவில்லை. பொழுது சாய்வதற்கு முன்னே நான்கு பேர் பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு உள்ளே அல்ல, வெளியே, தாழம்புதர் நிற்கிற ஓடைக்கரையில் குழி வெட்டியிருந்தது. உபதேசியார் கூடப் போனார். ஆனால் ஜெபப் புத்தகத்தைத் திறக்கவில்லை. நாங்கள் போர்டிங் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

காரணம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். சாகிற நேரத்தில் பழைய பேய் திரும்பி வந்து அவருக்குள் புகுந்துகொண்டது என்றும், பேயின் பாட்டைப் பாடிக்கொண்டே அவர் செத்துப்போனார் என்றும் சொன்னார்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைப் பதிவேட்டிலிருந்து அவர் பேர் வெட்டப்படும்.

ஆராதனைக்கு முன்னே போர்டிங் பிள்ளைகளில் ஒருத்தி சபைக்கு முன் நின்று, தான் எழுதியதை வாசிப்பது வழக்கம். நாளை என் முறை. மேட்ரன் அம்மா எனக்குக் கொடுத்த பொருள் 'நன்றியுள்ள ஜீவியம்'. அதை எழுதி, அவரிடம் காட்டித் திருத்தி வாங்கி, வேதப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். இது வேறு காகிதம். எல்லாரும் தூங்கிவிட்டார்கள். விளக்குத் திரியை இறக்கி, டிரங்குப் பெட்டியின் மூடியை மறைவாக நிறுத்திவைத்து எழுதுகிறேன். அவர் உயிரோடிருந்தபோது போர்டிங்கில் எல்லாரும் 'குத்துகவ', 'அவ' என்றுதான் சொன்னோம். இந்தக் காகிதத்தில் 'அவர்' என்றே எழுதுகிறேன்.

நமக்கு நெல்லுக் குத்தித் தந்த லீதியாள் அக்காவை உங்களுக்குத் தெரியும். வட்டக்கோட்டைக்கு இந்தப் பக்கம், கடலை அடுத்த ஒரு சின்ன ஊர் அவருக்கு. பழைய பேர் நீலம்மை. அந்த ஊரில் இசக்கியம்மனுக்குக் கொடைத் திருவிழா நடக்கும்போது, அம்மன் இறங்குவது அவர் மேல்தான். முடியை அவிழ்த்துவிட்டு, கமுகம்பூக் குலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஆடுவாராம். ஆட்டம் நின்றதும் ஊரார் முன்னே வந்து கேட்பார்கள். அவர் வாய் திறந்து குறி சொல்லுவார். நான்கு வருஷத்துக்கு முன்னே, அம்மனுடைய பீடத்தை இடித்துவிடும்படி அவரே உபதேசியாரிடம் வந்து சொல்லி, ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார். பீடம் இடிந்தபோது பேய் அலறிக்கொண்டு கடலுக்குள் ஓடியது என்றும், மூன்று நாள் அலை கறுப்பாக வந்தது என்றும் நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் பிறருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. போன வருஷத்துக் கன்வென்ஷன் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் அவரைப் பந்தல் மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லச் சொன்னார்.

"பேய் போகும்போது எப்படிச் சத்தமிட்டது? சபைக்குச் சொல்லு."

"சத்தம் ஒண்ணும் போடல்ல ஐயா."

"பயப்படாமல் சொல்லு, அம்மா."

"பயமில்ல ஐயா. கேக்காத சத்தத்த எப்பிடிச் சொல்லுகது?"

பந்தலில் சிரித்தார்கள். பிரசங்கியார் சிரிக்கவில்லை. "அப்படியானால் அது எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

அக்கா, "தெரியாது ஐயா. நானும் அதத்தான் நெனச்சிட்டு இருக்கேன்" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த பெண்கள் பிள்ளைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நம் சமையற்கட்டில், அவர் குத்திய அரிசியை ஒரு தண்ணீர் கூடுதலாகக் கழுவினார்கள்.

அதே கூட்டத்தில் பிரசங்கியார் எங்களுக்குத் துண்டுக் காகிதம் கொடுத்து, நீ இரட்சிக்கப்பட்ட நாள் எது என்று எழுதச் சொன்னார். நாளைச் சொல்லத் தெரியாதவன் இன்னும் இரட்சிக்கப்படவில்லை என்றார். எங்கள் குடும்பம் என் பாட்டனார் காலத்திலேயே சபையில் சேர்ந்துவிட்டது. நான் பிறந்ததே ஆலயத்துக்குப் பக்கத்து வீட்டில். எனக்கென்று ஒரு நாள் இல்லை. எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் இருந்த சாறாளின் காகிதத்தைப் பார்த்து, அவள் எழுதிய நாளையே எழுதிக் கொடுத்தேன். நரகத்தைப் பற்றி அன்றிரவு முழுவதும் நினைத்தேன். மறுநாள் லீதியாள் அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் உலக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ரெண்டுபேரும் ஒரே மழையில நனைஞ்சிட்டியளாக்கும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: "எனக்கு நாளு தெரியும் மக்களே. அதுல என்ன இருக்கு? திரும்புனது ஒரு நாளு. நடந்து வாறது இன்னும் தீரல்ல."

ஞானஸ்நானம் பெற்றிருந்தும் அவரைத் திருவிருந்தில் சேர்க்கவில்லை. அதற்கு உபதேசியார் தம் கையால் எழுதி வைத்திருக்கிற நாற்பது வினாவிடையையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அவர் இரண்டு தடவை போய்த் தவறித் திரும்பினார். வினாவிடையில் நான் பரிசு வாங்கியவள் என்பதால், அவருக்குச் சொல்லிக்கொடுக்கும்படி மேட்ரன் அம்மா என்னை வைத்தார். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நெல்லுக் குத்துகிற உரல்புரையில். எனக்குப் பதினான்கு வயது. அவருக்கு நாற்பது இருக்கும். என்னை "வாத்திச்சி" என்று கூப்பிட்டார். முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இன்று சொன்னது நாளைக்கு இருக்காது. "எனக்க தலையில ஓட்டை கெடக்கு வாத்திச்சி. நீ ஊத்துகே, அது ஒழுகுது" என்பார்.

ஒரு நாள், பதிலை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் வரிசையாகப் படிக்கச் சொன்னார். நான் படித்தேன். நீ எங்கேயிருந்து வந்தாய்? உன்னை அழைத்தவர் யார்? என்ன கொண்டுவந்தாய்? இப்படியே கடைசி வரைக்கும் போனேன். அவர் உலக்கையை நிறுத்திவிட்டார். முகம் மாறியிருந்தது.

"ஏட்டி, இதத்தானே எனக்கிட்டயும் கேப்பாவ."

"யாரு அக்கா?"

"கொடையில. அம்மை இறங்கி நிக்கும்ப. நீ எங்கேருந்து வாறா, ஒன்ன யாரு கூப்பிட்டா, என்ன கொண்டாந்தா, இனி எங்க போவா. இதே வரிசைதான். பதிலுதான் வேற."

வெளியே மீன மாதத்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு உரல்புரைக்குள் உடம்பு குளிர்ந்தது. நோட்டை மூடப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"மூடாத. இப்பம் எனக்கு வழி தெரிஞ்சுபோச்சு."

உலக்கையை எடுத்து மூன்று குத்துக் குத்தினார். நிறுத்தினார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் கேள்வியைக் கேட்டேன். அவர் பதிலைப் பாடினார். அது நம் கீர்த்தனை மெட்டு எதுவும் அல்ல. கொடையில் வில்லடிக்கிறவர்கள் அம்மனை வரவழைக்கப் பாடுகிற மெட்டு. அவர் உடம்பும் லேசாக ஆடியது. மறுபடியும் மூன்று குத்து, ஒரு நிறுத்தம், என் கேள்வி, அவர் பாட்டு. பதினைந்தே நாளில் முப்பத்தொன்பது பதிலும் வந்துவிட்டன. ஓர் எழுத்துப் பிசகவில்லை. ஒரு மாதமாகத் தலையில் நிற்காதது, தோளிலும் இடுப்பிலும் போய் நின்றுகொண்டது.

நான் அதைத் தடுத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுவீர்கள். நான் தடுக்கவில்லை. "உபதேசியார் முன்னால பாடக்கூடாது அக்கா" என்று மட்டும் சொன்னேன். "பாட்டு உள்ள கெடக்கும். வார்த்த மட்டும் வெளிய வரும். நீ பயப்படாத" என்றார்.

வேத சத்தியங்களை அந்த மெட்டில் ஏற்றியது பேய் அல்ல. அவரும் நானும். இதைச் சொல்லுவதற்காகத்தான் இந்தக் காகிதத்தை எழுத ஆரம்பித்தேன். ஆனால் இன்னும் இருக்கிறது.

நாற்பதாவது கேள்வி: இனி யாரிடத்தில் போவாய்? பதில்: என் இரட்சகரிடத்தில் போவேன். எல்லாவற்றிலும் சின்னப் பதில் அதுதான். மறந்துபோனவை போக, உபதேசியாரிடம் இரண்டு தடவையும் அவர் முடிவாகத் தவறியது அதில்தான். "மொதல்ல செல்லம்மைக்கிட்ட போவேன். பிறவு இரட்சகருக்கிட்ட போவேன்" என்று சொல்லியிருக்கிறார். செல்லம்மை யார் என்று உபதேசியார் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. இரட்சகருக்கு முன்னே இன்னொரு பேரைச் சொல்லுகிறவளைத் திருவிருந்தில் எப்படிச் சேர்ப்பது என்று அவர் அனுப்பிவிட்டார். அது நியாயந்தான் என்று நானும் நினைத்தேன்.

அக்கா என்னிடம் ஒரு நாள் அதைச் சொன்னார். அவர் ஊரில் ஒரு பிள்ளை குளத்தில் விழுந்து செத்துப்போயிற்று. அந்த வருஷக் கொடையில், இது யாரால் வந்தது என்று ஊரார் அம்மனிடம் கேட்டார்கள். அம்மன் அவருடைய வாயைத் திறந்து, செல்லம்மையின் கண்ணால் வந்தது என்று சொல்லிவிட்டது. செல்லம்மை பக்கத்து வீட்டுக்காரி. யாரும் இல்லாதவள். மறுநாள் காலையில் அவளுடைய ஓலைவீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவள் ஒரு பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, மேற்கே களியக்காவிளை வழியாகப் போனதைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

"எனக்கு ஒண்ணும் நெனவில்ல மக்களே. முழிக்கேன், கஞ்சி குடிக்கேன், பக்கத்துல வீடு எரியுது. இது ஆரு சொல்லிச் செஞ்சியன்னு கேக்கேன். நீதான் சொன்னேங்காவ. எனக்க வாயிதான் சொல்லியிருக்கு. நா அங்க இல்ல."

பீடத்தை இடித்ததற்கு முந்தின நாள், உச்சிப் பொழுதில் அவர் தனியாக அங்கே போனாராம். இதை அவர் என்னைத் தவிர யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

"வெளக்கு வச்சேன். அம்மை, நா போறேன், இனி எனக்க வாயி எனக்கு வேணும், நா சொன்னதுக்கு நானே பதிலு சொல்லணும்னேன். இருவது வருசமா, ஆடு காணாமப் போனாக்கூட எனக்க வாயில வந்து பறஞ்சவ. அன்னைக்கு ஒண்ணும் பறையல்ல. நின்னு பாத்தேன். வெயிலு இறங்குத வர நின்னேன். வாயி எனக்கு மட்டும் ஆயிட்டு. அதுதான் மக்களே எனக்கு வந்த பயம். அலறிட்டு ஓடியிருந்தா நா பயந்திருக்க மாட்டேன்."

அந்தப் பயத்தோடுதான் அவர் நம்மிடம் வந்தார். நாம் அவரிடம் அலறலைக் கேட்டோம்.

என் வீடு களியக்காவிளைக்குப் பக்கத்தில். அப்பா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஒவ்வொரு விடுமுறை முடிந்து நான் திரும்பி வந்ததும், பெட்டியை இறக்குவதற்கு முன்னே அக்கா வந்து நிற்பார். "சந்தையில அவளக் கண்டியா? எடது காது கிழிஞ்சிருக்கும்." "காணல்ல அக்கா" என்பேன். உண்மை என்னவென்றால் நான் ஒரு தடவையும் தேடவில்லை. சந்தைக்குள் போனால் மீன்வாடை அடிக்கும் என்று வெளியே நின்றுகொள்வேன். அவரோ ஒவ்வொரு தடவையும், "பரவாயில்ல, அடுத்த லீவுல பாரு" என்று சொல்லிவிட்டு என் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னே நடப்பார்.

செல்லம்மையின் பேரைச் சொன்னால் மூன்றாம் தடவையும் தள்ளிவிடுவார்கள் என்று நான் பயந்தேன். அதனால் ஒரு விதி வைத்தேன். மற்றப் பதில்களை எப்படிச் சொன்னாலும் சரி, நாற்பதாவதை நான் வாய் திறந்து கேட்காமல் சொல்லக்கூடாது. கேட்ட பிறகும் அவசரப்படாமல் யோசித்துச் சொல்ல வேண்டும். அவர் அதற்கு அடங்கி நடந்தார். சில நாள் புத்தகத்துப் பதில் வரும். சில நாள் செல்லம்மை முந்திக்கொண்டு வந்துவிடுவாள். "வாத்திச்சி அடிக்கப்பிடாது" என்று உமி ஒட்டின கையை நீட்டுவார். நான் சிரிப்பேன். அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். இரட்சகரிடத்துக்குப் போகிற வழி செல்லம்மையின் வாசலைத் தாண்டித்தான் போகிறது என்று அவர் நிஜமாகவே நம்பினார். எந்தப் பதிலைச் சொல்லுவது என்று ஒவ்வொரு மத்தியானமும் அவருக்குள் ஒரு வழக்கு நடந்திருக்கிறது. வேறு வாய் ஒன்றும் வந்து தீர்த்துவைக்காத வழக்கு.

திங்கட்கிழமை அவருக்குக் காய்ச்சல் கண்டது. நோயாளிகளின் அறையில் படுக்கவைத்தார்கள். வியாழக்கிழமை உச்சிநேரத்தில் கஞ்சி கொண்டுபோக என்னை அனுப்பினார்கள். வராந்தாவில் நான் பாதி தூரம் போவதற்குள் மேட்ரன் அம்மாவும் சமையற்கட்டுப் பெண்கள் இரண்டு பேரும் எதிரே ஓடிவந்தார்கள்.

"உள்ள போகாதட்டி எஸ்தரு! அவளுக்கு வந்துட்டு!" என்றாள் ஒருத்தி. மேட்ரன் அம்மா உபதேசியாரைக் கூப்பிடப் போனார். உபதேசியார் வீடு வாய்க்காலுக்கு அப்புறம். மற்ற இரண்டு பேரும் முற்றத்தைக் கடந்து ஓடினார்கள். வராந்தாவில் நான் மட்டும் நின்றேன்.

முதலில் மெட்டு மட்டுந்தான் கேட்டது. உள்ளே இருந்தவர்களுக்கும் அவ்வளவுதான் கேட்டிருக்கும்; அதற்குமேல் நிற்க அவர்களால் முடியவில்லை. நான் ஜன்னலுக்குப் போனேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். முடி அவிழ்ந்து மடியில் கிடந்தது. உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் கட்டில் சட்டத்தில் மூன்று அடி அடித்தார். நிறுத்தினார். ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பொறுத்தார். பிறகு பாடினார். குரல் தடித்து, அவருடைய குரலாகவே இல்லை. ஆனால் வார்த்தைகளை எனக்குத் தெரியும். அது முப்பத்தாறாவது பதில். அடுத்தது முப்பத்தேழு. நடுவில் என் கேள்விகள் வர வேண்டிய இடம் ஒவ்வொன்றும் காலியாக இருந்தது. அந்தக் காலி இடங்களில் அறைக்குள் வேறு யாரோ கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதுபோலவும், எனக்கு மட்டும் கேட்காததுபோலவும் இருந்தது. கமுகம்பூ வாசனை அடித்தது. அந்த அறைக்குப் பின்னால் ஒரு கமுகு நிற்கிறது. அதில் பாளை விரிந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்க எனக்கு இன்றுவரை தைரியமில்லை.

முப்பத்தொன்பதையும் முடித்தார். கட்டிலில் மூன்று அடி. நிறுத்தம்.

நான் வைத்த விதி அது. நான் கேட்க வேண்டும்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். கண் இமைக்கவில்லை. அந்தக் கண்ணில் என்னை 'வாத்திச்சி' என்று கூப்பிட்டவர் இருந்தாரா, வேறு யாராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் மூன்று அடி. நான் சொல்ல வேண்டியது மூன்று வார்த்தை. இனி யாரிடத்தில் போவாய்? கொடையில் அம்மனைக் கடைசியாகக் கேட்பதும் இதே கேள்விதான் என்பது அப்போது எனக்கு நினைவு வந்துவிட்டது. நான் கேட்டு, அந்தக் குரல் 'உன்னிடத்தில்' என்று சொல்லிவிட்டால்?

கஞ்சிப் பாத்திரத்தை ஜன்னல் படியில் வைத்துவிட்டு ஓடினேன். பின்னால் இன்னும் மூன்று அடி கேட்டது. மெதுவாக.

உபதேசியார் வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. அக்கா எவ்வளவு நேரம் காத்திருந்தாரென்று யாருக்கும் தெரியாது. தனியாகத்தான் இருந்தார்.

அன்று வகுப்பு முடிந்ததும், குழி வெட்டுவதற்கு முன்னே, உபதேசியார் என்னைக் கூப்பிட்டார். "ஜன்னல் படியில் கஞ்சி இருந்ததே. நீ அங்கே நின்றாயா? அவள் என்ன சொல்லக் கேட்டாய்?" கோபமாகக் கேட்கவில்லை. அவர் முகமும் வெளுத்திருந்தது. அப்போது நான் சொல்லியிருந்தால் குழி சுவருக்கு உள்ளே வெட்டப்பட்டிருக்கும். அதற்கு நேரம் இருந்தது. ஆனால் அந்த மெட்டுக்கு நானும் உடந்தை என்று தெரிந்தால் வருகிற மாதம் என்னைத் திருவிருந்தில் சேர்க்க மாட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா சபைக்கு முன் தலைகுனிய வேண்டும். "ஒண்ணும் கேக்கல்ல ஐயா" என்றேன். என் வாயில் யாரும் வந்து பேசவில்லை. நான்தான் பேசினேன்.

நேற்று மத்தியானம் உரல்புரைப் பக்கம் மூன்று சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு மறுபடியும் மூன்று. "பனையோலை ஓட்டுல அடிக்குது, அதுக்கு ஏன் இப்பிடி வெளுத்துப்போறா?" என்றாள் சாறாள். ஓலையாகத்தான் இருக்கும். ஆனால் காற்று எங்கே எண்ணிப்பார்த்து நிறுத்துகிறது? உலக்கை மூலையில் சாத்தியபடியே நிற்கிறது. எடுத்துக் குத்த யாரும் முன்வரவில்லை. இன்று அரிசி வெளியிலிருந்து வந்தது. இப்போது இதை எழுதுகிறபோதும் கேட்கிறது. முதல் நாள் இருந்த பயம் இப்போது இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. ஆனால் என்னைப் பிடிக்க வருகிறது என்று பயப்படவில்லை. அக்கா இன்னும் காத்திருக்கிறாரே என்று பயப்படுகிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இவ்வளவுதான். கிழிந்த இடது காது உள்ள ஒரு பெண்ணை இந்த விடுமுறையில் நான் தேட வேண்டும். சந்தைக்குள்ளே போய்த் தேட வேண்டும். அந்த மெட்டும் மிஞ்சியிருக்கிறது. முழங்காலில் நின்றால் ஜெபம் அதில்தான் வருகிறது. அது யாருடைய மெட்டு என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. அதில் ஏறி வருகிற வார்த்தை யாருடையது என்று எனக்குத் தெரியும். பிரசங்கியார் திரும்பி வந்து உன் நாள் எது என்று கேட்டால், சாறாளின் நாளைச் சொல்ல மாட்டேன். இன்னும் நடந்து வருகிறேன் என்று சொல்லுவேன்.

அவர் எந்தப் பதிலைச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. புத்தகத்துப் பதிலையா, செல்லம்மையின் பேரையா? நான் கேட்கவில்லை, அதனால் நம்மில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத பதிலுக்காக ஒரு பேரை வெட்டலாமா என்று பெரியவர்கள் யோசித்துச் சொல்லுங்கள்.

நாளை இந்தக் காகிதத்தைக் கடைசி வரைக்கும் வாசிக்க என்னை விட்டீர்களானால், முடிவில் மேஜைப் பலகையில் மூன்று தட்டுத் தட்டி, அவரிடம் கேட்க வேண்டியதை உங்கள் எல்லார் முன்னும் வாய் திறந்து கேட்பேன். லீதியாள் அக்கா, இனி யாரிடத்தில் போவாய்? கேட்டுவிட்டு, ஒரு பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா நிற்பேன். ஆலயத்துக்குள் எந்தச் சத்தம் கேட்டாலும், ஒன்றுமே கேட்காவிட்டாலும், இந்த ஒரு தடவை யாரும் எழுந்து போய்விடாதேயுங்கள்.